குழல் துடைத்த மட்டக்கம்பு

காலை ஏழு இருபது. முதலில் தெரிந்தது ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று, கடைசியில் ஐந்து காசு அளவுக்கு வெள்ளை வானம். எண்ணெயும் இரும்பும் கலந்த வாடை மூக்கில் ஏற, குளிர்ந்த விளிம்பு கன்னத்தில் பட, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அப்பாவின் துப்பாக்கிக் குழலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையிலிருந்து தனியாகக் கழற்றிய குழலை அவர் கிழக்குச் சன்னலை நோக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ள என்னா தெரியுது, சொல்லு."

வட்டம் தெரிகிறது என்றேன்.

"வட்டம் எனக்கும் தெரியுது. எங்கயாச்சும் ஒடஞ்சி இருக்கா பாரு. ஒனக்குத்தான் கண்ணு புதுசு."

பார்த்தேன். நடுவில், மேல்பக்கமாக, ஒரு வட்டம் முழுதாக இல்லை. அந்த இடத்தில் மிளகு அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சொன்னேன். அப்பா குழலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து அம்மா, "துரு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார்.

அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் காவல்காரர். தோட்டத்தில் பெரியவர்கள் அவரை மலாயில் "ஜாகா" என்றார்கள், பிள்ளைகள் "ஜாகா மாமா" என்றார்கள். அவருடைய பெயரைப் பள்ளிக்கூடப் பாரத்தில் எழுதும்போது மட்டும்தான் நானே நினைத்துக்கொள்வேன். காட்டுப்பன்றிகள் இறங்கி நாற்றுகளைக் கிளறிப் போட்டுவிடும் என்பதற்காகத் தோட்டத்துத் துரை அவர் பேரில் லைசன்ஸ் வாங்கிக் கொடுத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை எல்லாரும் மலாய்ச் சொல்லாலேயே "செனாப்பாங்" என்றார்கள். அந்தச் செனாப்பாங் இருந்ததால் அப்பாவுக்கு ஜாகா வேலை இருந்தது. ஜாகா வேலை இருந்ததால் எங்களுக்குத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லாமல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனி வீடு இருந்தது. தனி வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, கிழக்கே ஒரு சன்னல், வாசலில் எங்களுக்கு மட்டுமான ஒரு தண்ணீர்ப் பைப். லயத்துப் பைப்படியில் வாளி வைத்து இடம் பிடித்தே வளர்ந்த அம்மா, கல்யாணமாகி வந்த அன்று வீட்டுக்குள் நுழையுமுன் அந்தப் பைப்பைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாளாம்.

துப்பாக்கியை ஆண்டுக்கு ஒருமுறை "பாலாய்"க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, எடுத்துப்போய்க் காட்டினால்தான் லைசன்ஸ் நீளும். அதற்கு முந்தைய ஆண்டு அங்கிருந்த கார்ப்பரல் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தபோது, துணி தேநீர்ச் சாயத்தில் வெளியே வந்தது. அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறையும் குழல் இப்படி இருந்தால் துப்பாக்கியை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து அப்பா அதை அம்மாவிடம் ஒரே வரியில் சொன்னார்: "செனாப்பாங் அங்க தங்குனா, நாம இங்க தங்க முடியாது."

அந்த மலையில் துருப்பிடிக்க மழை வேண்டியதில்லை. பிற்பகலில் மூடுபனி இறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஜாடியில் நீர் கோக்கும், தீக்குச்சி மருந்து நமத்து உதிரும், துவைத்த சட்டை காயாமலே மறுபடி அழுக்காகும். "கொழாயில ஈரம் தங்குறதும் வீட்டுல மூதேவி தங்குறதும் ஒன்னு" என்பார் அப்பா. ஆகவே தினமும் துடைத்தாக வேண்டும், துடைக்கக் கம்பு வேண்டும். துப்பாக்கியோடு வந்த கம்பு மரத்தால் ஆனது. மூன்று துண்டு, பித்தளை மறையால் ஒன்றோடொன்று சேர்வது. பனியில் மரம் ஊதி, பித்தளைக்கு அருகே வெடித்து, நடு மறை தேய்ந்துபோயிருந்தது. அப்பா கம்பி சுற்றி வைத்திருந்தார். ஆனாலும் உள்ளே போகும்போது அது நடுவில் தலையாட்டும். துணி ஓர் இடத்தைத் தொடாமலே தாண்டிப் போகும். மிளகு உட்கார்ந்திருந்தது அந்த இடத்தில்தான்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு யோசனை இல்லை. ஒடியாத, வளையாத, குழலைக் கீறாத ஒரு கம்பு. குடைக் கம்பியைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தார். சைக்கிள் கடையில் எதையோ உருட்டிப் பார்த்தார். "மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறாரு உங்கப்பா" என்றாள் அம்மா என்னிடம், அவர் காதில் விழும்படியாக.

தானா ராத்தா டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாய் கடை. ஆணி, பூட்டு, மண்வெட்டி, மருந்தடிக்கும் பம்பு என்று திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். அவர்களிலும் சிலர் துப்பாக்கி வைத்திருந்ததால் துடைக்கும் கம்பும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

"வா ஜாகா" என்றார் பாய். அப்பாவைவிட மூத்தவர், பன்றியின் பெயரை வாயால் சொல்லாதவர். "அந்த மிருகம் ஒன்னப் பாத்து ஓடுதா, ஒன் செனாப்பாங்கப் பாத்து ஓடுதா?"

"ரெண்டும் இல்ல பாய். எம் பொஞ்சாதி போடுற சத்தத்துக்கு ஓடுது."

"அப்ப அவங்களுக்கு லைசன் எடுத்துரு. தொடைக்கிற வேல மிச்சம்."

கண்ணாடி மேசைமேல் பாய் இரண்டு கம்புகளை வைத்தார். முதலாவது அலுமினியம், மூன்று துண்டு. அப்பா அதை முடுக்கி, ஒரு முனையைப் பிடித்து ஆட்டினார். மூட்டுகளில் மெல்லிய சத்தம் வந்தது. நகத்தால் அழுத்தினார், கோடு விழுந்தது. "எம் நகத்துக்கே எடம் குடுக்குது பாய். இதுல மண்ணு ஒட்டும். ஒட்டுன மண்ணு கொழாயத்தான் அறுக்கும்." இரண்டாவது பித்தளை. கனமாக, நேராக, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதுவும் துண்டு துண்டாகச் சேர்ப்பதுதான். "ஒட்டுப் போட்டதுல ஒரு தடவ ஏமாந்தாச்சு" என்று அப்பா அதையும் தள்ளி வைத்தார்.

"அப்ப ஒனக்கு முழுக் கம்பிதான்" என்றார் பாய். "ஒரே நீளம், உருக்கு. மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு தோல் போட்டிருப்பான். கைப்பிடி தானா சுத்தும். இங்க இல்ல, ஈப்போவுக்குச் சொல்லணும். காய்கறி லோரி திரும்பி வரும்போது வந்துரும்."

"உருக்கா?"

"உருக்குதான். ஒம் பேரன் காலத்துக்கும் வளையாது."

"இரும்ப இரும்பால தொடைக்கச் சொல்ற."

"மேல தோல் இருக்குலா."

"தோல் உரிஞ்சிட்டா?"

"ஒன் தோல் உரியற வரைக்கும் அது உரியாது. போ."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு, பாய் அவர் சொன்னதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த அப்பாவிடம் அம்மா, "பொண்ணு பிடிக்கலயா?" என்று கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் கைவிட்டு, ஒரு நீளமான கம்பை உருவி எடுத்தாள். "இது ஆவுமா பாருங்க."

அது அவளுடைய மட்டக்கம்பு. கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் ஒவ்வொரு பெண்ணிடமும் அப்படி ஒன்று இருந்தது. தேயிலைச் செடிகளின்மேல் அதைக் கிடத்தி, கம்புக்கு மேலே தலைநீட்டும் கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள், செடி மேசைபோல மட்டமாக நிற்கும். "கம்பு வளஞ்சா கொழுந்து பொய் சொல்லும்" என்பது கொழுந்துக்காரிகளின் பேச்சு. அதனால் வளையாமலும் வண்டு துளைக்காமலும் இருக்க அதை வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் புகைக்கு மேலே வைப்பார்கள். கொழுந்து வெட்டும் கத்தரி வந்த பிறகு மட்டக்கம்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. அம்மா தன்னுடையதை விறகில் போடாமல் வைத்திருந்தாள். உள்ளே ஓட்டையில்லாத கெட்டி மூங்கில், சுண்டுவிரல் கனம், பல ஆண்டுக் கையும் புகையும் ஏற்றிய கறுத்த பளபளப்பு.

அப்பா அதைச் சிமெண்டுத் தரையில் உருட்டினார். எங்கும் துள்ளாமல் உருண்டது. ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். வளைத்தார், வளைந்து, விட்டதும் பழையபடி நின்றது. குழலோடு சேர்த்துப் பிடித்தபோது ஒரு கைப்பிடி அளவு மிஞ்சியது. அளவெடுத்துச் செய்தால்கூட அப்படி அமைந்திருக்காது. முனையைக் கத்தியால் பிளந்து, துணியைச் செருக வழி செய்து, பிளவு மேலே ஓடாதபடி அதற்கடுத்துப் பித்தளைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்.

"இரும்புக்கு மரந்தான் மெத்த" என்றார். அன்று சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்டார். "எங்கம்மா வீட்டுச் சீதனம், செனாப்பாங்குக்குப் போயிருச்சு" என்றாள் அம்மா.

சில நாளில் மிளகு கரைந்தது. அது இருந்த இடத்தில், ஈரக் கையால் தொட்ட கண்ணாடிபோல, ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. பள்ளி இல்லாத ஒவ்வொரு காலையிலும் சன்னலில் வெளிச்சம் வந்ததும் அப்பா என்னைக் கூப்பிடுவார். வட்டங்கள் முழுதாக இருக்கின்றன என்று சொல்வேன். அவர் மட்டக்கம்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, வழக்கம்போல அடுப்புக்கு மேலே வைப்பார். அங்கே வைப்பது தவறாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் கம்பைக் காப்பாற்றும் வழியே அதுதான். இலையின்மேல் படுத்துக்கிடக்க மட்டும் பழகிய கம்பு அது. அதை நீளவாக்கில் அழுத்தித் தள்ளி, இறுகிய துணியோடு இழுக்கிறவர் முன்பு யாரும் இல்லை. புகை அதை நேராக வைத்திருந்தது. உள்ளே இருந்த ஈரத்தை ஒரு சொட்டு விடாமல் எடுத்தும் விட்டிருந்தது. பித்தளைச் சுற்றுக்கு அடியில் பிளவு எப்போது ஓடத் தொடங்கியது என்று தெரியாது.

இதற்கிடையே லோரிக்காரர் ஒருவர் கேட்டில் நிறுத்தி, கம்பி வந்துவிட்டதாம், பாய் சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா போகவில்லை. தீபாவளிச் சாமான் வாங்க மூவரும் போனபோது பாய் கடைக்கு வெளியே வந்து, "ஜாகா, ஒன் கம்பி ஒன்னத் தேடுது" என்றார்.

"வேணாம் பாய். கையில நல்லது கெடச்சிருச்சு."

"என்னா அது?"

அப்பா சொன்னார். பாய் அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, மூங்கில் எலும்பு மாதிரி. ஒடையறதுக்கு முந்தி சொல்லாது" என்றார். மோட்டாரில் ஏறும்போது அம்மா, "வந்தத வாங்கி வச்சா என்னா? ரெண்டு இருந்தா கெட்டா போயிரும்?" என்று கேட்டாள். "நல்ல கம்பு இருக்கும்போது இரும்ப எதுக்கு உள்ள விடணும்?" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு காரணமும் சரியான காரணமாகவே இருந்தது.

பாலாய்க்குப் போகிற நாள் ஆண்டுக் கடைசி விடுமுறையில் வந்தது. விடாத மழை, விறகெல்லாம் ஈரம். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழு இருபதுக்கு அப்பா குழலைக் கழற்றிச் சன்னலோரம் உட்கார்ந்தார். அன்றைக்கென்று துணியை வழக்கத்தைவிடத் தடிப்பாக மடித்திருந்தார். பாதி வழிவரை போயிற்று, பிறகு நகரவில்லை. இழுத்தார். காய்ந்த மிளகாயைக் கிள்ளுவதுபோல ஒரு சின்னச் சத்தம். அவர் கையோடு வந்த கம்பின் முனை, நீண்ட நாக்குபோல, வெள்ளையாக இருந்தது. மீதியும் துணியும் குழலுக்குள்.

என்னிடம் நீட்டினார். பார்த்தேன். வட்டம் இல்லை, வானம் இல்லை.

"ஒன்னுமே தெரியலப்பா" என்றேன்.

மண்ணெண்ணெய் ஊற்றினார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்படியே கொண்டுபோயி காட்டுங்க. கம்பு ஒடஞ்சி போச்சுன்னு சொல்லுங்க. ஈப்போவுக்குக் குடுத்து எடுத்துக்கலாம்."

"அடச்ச கொழாயோட உள்ள போனா சிரிப்பானுங்க. அப்பறம் என்னா ஜாகா நானு?"

"அப்ப போற வழியில பாய் கடையில நிறுத்துங்க. அந்த முழுக் கம்பி இன்னும் இருக்கும். அதால தள்ளிப் பாருங்க."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்னு சொன்ன வாயால போயி கேக்கவா?"

புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அப்பா மழையில் நடந்துபோய், ஒரு துண்டு கட்டடக் கம்பியோடு வந்தார். சிமெண்டைப் பிடித்துக்கொள்வதற்காக உடம்பெல்லாம் வரிவரியாக முறுக்குப் போட்ட இரும்புக் கம்பி. மாதக்கணக்காக இரும்பு உள்ளே போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதன் நுனியில் துணி சுற்றி, வாய்ப்பக்கமாக உள்ளே விட்டு, சுத்தியலால் அடித்தார். சில அடிகளில் துணி கழன்றுவிட்டது, சத்தம் மாறியதிலிருந்து தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. அம்மா வாசலுக்குப் போய்ப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு, வாளி எதுவும் வைக்காமல், கூரைக்கு வெளியே தலையை நீட்டியபடி நின்றாள்.

துணியும் மூங்கிலும் பின்பக்கமாக வந்து விழுந்தன. குழலைத் துடைத்தார், சன்னலில் பிடித்தார், என்னைக் கூப்பிட்டார். வட்டங்கள் திரும்பி வந்திருந்தன. அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடுகள்.

"என்னா தெரியுது?"

"கோடு" என்றேன். அப்பா குழலை மறுபடி கட்டையில் மாட்டினார்.

பாலாய்க்கு என்னையும் கூட்டிப்போனார். அதே கார்ப்பரல். குழலை விளக்கை நோக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார், விரலை உள்ளே விட்டுத் தடவினார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே எதை விட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பா நன்றாக மலாய் பேசுவார். அன்று ஒரே சொல்தான் சொன்னார்: "பெசி." இரும்பு. கார்ப்பரல் துப்பாக்கியைத் தன் மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். "தா போலே, பாச்சிக்" என்றார். முடியாது, பெரியவரே. அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. திரும்பும் வழியில் பாய் கடைக்கு முன்னால் மோட்டார் வேகம் குறையவில்லை.

அன்று மாலை ஈர விறகு பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தபோது, அம்மா கம்பின் துண்டுகளை எடுத்து அடுப்பில் வைத்தாள். உடனே பற்றிக்கொண்டது. சோறு அதில்தான் வெந்தது. மூவரும் சாப்பிட்டோம்.

துரை கோபப்படவில்லை. வேறு ஆள் பார்த்தாயிற்று என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார்; வீட்டைப் பற்றி அவர் சொல்லுமுன்பே அம்மா சட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். லயத்தில் கடைசி வீடு கிடைத்தது. பைப்படியில் அவள் வாளி மறுபடியும் வரிசையில் நின்றது. "என்னா, ஜாகா வீட்டம்மா எறங்கி வந்துட்டாங்க" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதற்கு அவளும் சிரித்தாள். அப்பாவுக்குச் செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் நீல நிறப் பம்பு. காலையில் மருந்து கலக்குமுன் பம்பின் குழாயைத் தனியாகக் கழற்றி, வானத்தை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். மற்றவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. அதைப் பார்க்க அவர் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. சில ஆண்டுகளில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அது மருந்தாலா, குளிராலா, அடுப்புப் புகையாலா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மா அவருக்குப் பின் அதிக நாள் இருக்கவில்லை.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். கேட் வீடு இருந்த இடத்தில், தேயிலையைப் படம் எடுக்க வருகிறவர்கள் கார்களை நிறுத்துகிறார்கள். லயத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைசி வீட்டின் கதவு பலகையால் அடிக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவில் இருவர் கொழுந்து வெட்டும் ஓர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செடிகளின்மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். பன்றிகள் இப்போதும் இறங்குவதாகச் சொன்னார்கள்.

தானா ராத்தாவில் பாய் கடை பாதியாகியிருந்தது. முன்பாதியில் ஸ்ட்ராபெரி வடிவத் தலையணைகள் தொங்கின. பின்பாதியில் ஆணியும் பூட்டும். பாயின் மகன், என்னைவிடச் சற்று இளையவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கேட் ஜாகாவின் மகள் என்றேன். அவர் உள்ளே போனார். வரும்போது கையில் மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் உறைக்குள் நீளமாக ஏதோ இருந்தது. உறைமேல் ஒட்டியிருந்த காகிதத்தில், மங்கிய பேனா எழுத்தில், "ஜாகா" என்று இருந்தது.

"எங்க அத்தா இத யாருக்கும் குடுக்க விடல்ல, அக்கா. திரிங்காப்லேருந்து எத்தனையோ பேரு கேட்டாங்க. ஜாகா வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

உறையைப் பிரித்தேன். வாசல் வெளிச்சத்தை நோக்கி நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கம்பி நேராக இருந்தது.